கணப்புக்கு வாங்கிய விறகு

விறகு வாங்குவதில் என்னை ஏமாற்ற ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆள் கிடையாது என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. ராஜபாளையத்திலிருந்து வரும் வண்டி விறகைத் தொடமாட்டேன். வழியில் ஓடைத் தண்ணீரைத் தெளித்து எடையைக் கூட்டிவிடுவார்கள் என்று எனக்குச் சந்தேகம். கண்ணால் கண்டதில்லை, ஆனாலும் சந்தேகம். செண்பகத்தோப்பிலிருந்து தலைச்சுமையாக வரும் மலை விறகைத்தான் வாங்குவேன். அதையும் சும்மா வாங்கிவிட மாட்டேன். சுமையை அவிழ்த்து, நடுவில் முருங்கையும் பனைமட்டையும் ஒளிந்திருக்கிறதா என்று துழாவி, இரண்டு கட்டைகளைத் தட்டி ஓசை கேட்டு, முகர்ந்து பார்த்த பிறகுதான் காசை எடுப்பேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது என் வீட்டார் இதில் பாதி விசாரித்திருந்தால்கூட, நான் இரண்டே வருஷத்தில் தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்திருக்க மாட்டேன்.

அந்த ஐப்பசியில் தம்பி மனைவிக்குப் பிள்ளை பிறந்தது. அவளுக்குத் தாய் இல்லாததால் பேறுகாலம் எங்கள் வீட்டிலேயே. முந்தின பிள்ளையும் இதே அடைமழையில்தான் பிறந்தது. பதினோராம் நாள் குளிர் கண்டு செத்துப்போய்விட்டது. அப்போது விறகெல்லாம் ஈரம். அறைச் சூட்டுக்குத் தணல் போட்டு வைத்த கணப்புச் சட்டி ஒரு நாழிகைகூடத் தாங்கவில்லை. யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அந்த விறகை வாங்கியது நான். இந்தப் பிள்ளையை நாற்பது நாள் குளிர் அண்டாமல் கரைசேர்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த மாதம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு விறகு விற்பவர்கள் எல்லாரும் பேயாகத் தெரிந்தார்கள்.

கணப்புக்கு எல்லா விறகும் ஆகாது. தென்னை மட்டை படபடவென்று எரிந்து சாம்பலாகிவிடும். வேம்பு புகையும். வைரம் பாய்ந்த உசிலங்கட்டைதான் விடியும்வரை தணலாக நிற்கும். காட்டிலாகா மலையடிவாரத்தை அடைத்துக் காவல் போட்ட பிறகு அது கிடைப்பதே அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் முந்தின வருஷத்து விலை இல்லை.

பிள்ளை பிறந்த எட்டாம் நாள், வழக்கமாக வரும் விறகுக்காரி வந்தாள். சுமையை வாசலில் இறக்கினாள். நான் துழாவிப் பார்த்தேன். சுமாரான விறகு, பாதி ஈரம். சுமைக்கு மேலே, பனை நாரால் தனியாகக் கட்டிய ஒரு சின்னக் கட்டு இருந்தது. அதை அவள் மெல்ல எடுத்து, தள்ளி வைத்தாள்.

"அது என்ன?" என்றேன்.

"அது ஒங்களுக்கு வேண்டாம் தாயி. சேரான் கட்டை. காட்டிலாகா ஆளு வந்துருவான்னு பயந்து, அவசரத்துல எங்க வீட்டுக்காரரு வெட்டிப் போட்டது. காளவாசலுக்குக் கொண்டு போறேன், சுண்ணாம்பு வேக வைக்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சேரான் கொட்டை எனக்குத் தெரியும். வண்ணார் துணிக்குக் குறி போடும் சேங்கொட்டை. அதன் பால் மேலே பட்டால் கொப்புளம் போடும். அந்த மரத்தின் கட்டையை நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்று ஒரு விறகுக்காரியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டைகள் நன்றாகக் காய்ந்திருந்தன. வெட்டுவாயில் கருகருவென்று இருந்தது. உசிலை வைரம், சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். வாழ்நாளில் நான் சந்தேகப்படாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

"ஏட்டி, எங்கிட்டயே கதை சொல்லுதியா? மேலத்தெருப் பெரிய வீட்டுக்கு வச்சிருக்கேன்னு சொல்லேன். அவிய எம்புட்டுத் தாராவ?"

"சத்தியமாச் சொல்லுதேன் தாயி. வெந்நீர் போடக்கூட ஆகாது. புகை பட்டாலே மூஞ்சி வீங்கிரும்."

வீட்டில் பிள்ளை பெற்றவள் இருப்பதை நான் அவளிடம் மூச்சு விடவில்லை. அவசரம் தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவாள் என்று பயம். தெரிந்திருந்தால் அவள் என் காலில் விழுந்தாவது தடுத்திருப்பாள். நான் காசை அவள் கையில் திணித்து, கட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் அந்தக் கட்டைகளில் இரண்டைப் பற்றவைத்து, நன்றாகத் தணலாகும் முன்பே சட்டியில் அள்ளிப் போட்டு அறைக்குள் வைத்தேன். புகை கொஞ்சம் காரமாக இருந்தது. மழை ஈரம் என்று நினைத்தேன். கை அரித்தது. எறும்பு என்று நினைத்தேன்.

காலையில் தம்பி மனைவியின் கண் இரண்டும் திறக்கவில்லை. முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. பிள்ளையின் இமையும் உதடும் தடித்து, பால் குடிக்க வாயைக் குவிக்க முடியாமல் அது முனகிக்கொண்டிருந்தது. ஓடிவந்த மருத்துவச்சி அறை வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள்.

"என்னத்தை எரிச்சிய? இது சேரான் புகையில்லா! இன்னும் செத்த நேரம் உள்ள கெடந்திருந்தா பிள்ளை தக்காது."

"விறகுக்காரி கலந்து குடுத்துட்டா" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. மத்தியானத்துக்குள் தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் மறுக்கவில்லை.

மூன்று நாள் தாய்ப்பாலைப் பீய்ச்சிச் சங்கால் புகட்டினோம். பாதி உள்ளே போகும், பாதி கன்னத்தில் வழியும். தேங்காயெண்ணெயைத் தடவித் தடவி என் விரல் தோல் உரிந்துவிட்டது. அந்த மூன்று நாளும் நான் கும்பிடாத சாமி இல்லை. நாலாம் நாள் பிள்ளை தாய் மார்பில் வாய் வைத்துக் குடித்தது. நான் அடுப்படிக்குப் போய் ஓவென்று அழுதேன்.

அதற்கு மறுநாள் விறகுக்காரி சுமையோடு வந்தாள். தெருப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பச்சைப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தியே, இனி இந்தத் தெருப் பக்கம் வந்தால் காட்டிலாகா ஆளிடம் பிடித்துக் கொடுப்போம் என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். அவள் சுமையை இறக்கக்கூட இல்லை. தலையில் பாரத்தோடு, என் வீங்கிய கையைப் பார்த்தாள்.

"வீட்டுல பச்சைப் பிள்ளையா இருந்துச்சு? நல்லா இருக்கா தாயி?"

அவ்வளவுதான் கேட்டாள். நான் உண்மையைச் சொல்வேன் என்று காத்து நின்றாள். நான் தரையைப் பார்த்தேன்.

பிள்ளை பெற்ற அறை வாசலை ஒட்டியது. அதன் சின்ன ஜன்னலுக்கு உள்ளேயிருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது. மெலிந்த குரல்தான். தெருவுக்கே கேட்டது.

"அவளை ஏன் ஏசுதிய? வேண்டாம் வேண்டாம்னுதான் அவ சொன்னா. நான் படுத்துக்கிட்டே கேட்டேன். மதினிதான் பிடுங்கிட்டு வந்தாவ. அவியளுக்குத் தெரியாத விறகான்னு நானும் நம்பிட்டேன்."

பெண்கள் விலகி வழிவிட்டார்கள். விறகுக்காரி அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். என்னிடம் நியாயமும் கேட்கவில்லை, கோபமும் காட்டவில்லை. நானாவது அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

அன்று சாயங்காலமும் மழை. சுத்தமான புளியந்தணலாகப் பொறுக்கிச் சட்டியை நிரப்பி அறைக்குக் கொண்டுபோனேன். தம்பி மனைவி பிள்ளையைச் சுவர்ப் பக்கமாக நகர்த்தினாள்.

"அங்கனயே வையுங்க மதினி. நான் பாத்துக்கிடுதேன்."

நிலைப்படி ஓரம் வைத்தேன். அவள் பாதி திறந்த கண்ணோடு எழுந்து வந்து, குச்சியால் ஒவ்வொரு கங்காகப் புரட்டிப் பார்த்தாள். குனிந்து முகர்ந்தாள். பிறகு என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் சட்டியைப் பிள்ளைப் பக்கம் இழுத்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தச் சட்டியை உள்ளேயே விட்டிருக்க மாட்டேன்.