பில்லியர்ட்ஸ் அறையின் சுவர்

மாதுங்காவில் நான் பிறந்து வளர்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். இதைச் சொன்னதும் கேட்பவர்கள் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கத் தொடங்குவார்கள். அவர்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. மாளிகை ஒரு குஜராத்தி சேட்டுடையது. அதன் பின்பக்கத்தில் ஒரே ஒரு அறை எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்திருந்தது. அதுவும் பில்லியர்ட்ஸ் ஆடுவதற்காகக் கட்டிய அறை.

பருத்தி வியாபாரத்தில் சம்பாதித்த அந்த சேட், மாதுங்கா வெறும் தோப்பும் சேறுமாக இருந்த காலத்தில் இதைக் கட்டினாராம். இங்கே எவன் வருவான் என்று ஊரே சிரித்ததாம். இத்தாலியிலிருந்து பளிங்கு வந்தது, பர்மாவிலிருந்து படிக்கட்டுக்குத் தேக்கு வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் விருந்துக்கு வந்தால் பொழுது போக வேண்டுமே என்று பில்லியர்ட்ஸ் அறையும் வந்தது. சேட்டுக்கு அந்தக் கோலைப் பிடிக்கவே தெரியாது. மற்றவர்கள் ஆடும்போது கையில் எலுமிச்சை சர்பத்துடன் ஓரமாக நின்று பார்ப்பாராம். அவர் போன பிறகு, யுத்த காலத்தில் மேஜையை யாரோ விலைக்கு வாங்கிப் போனார்கள். பிள்ளை குட்டி இல்லாத சேட்டம்மா மாடியில் தனியாக இருந்தாள். கீழே ஒரு குடும்பம் விளக்கேற்றி வாழட்டும் என்று நினைத்து அறையை எங்களுக்குக் கொடுத்தாள் என்பது அம்மாவின் கட்சி. வாடகைக்காகக் கொடுத்தாள் என்பது அப்பாவின் கட்சி.

அப்பா போரிபந்தரில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. மேஜை போன அறையில் அதன் அடையாளங்கள் மட்டும் மிச்சமிருந்தன. கோல்களை நிறுத்தி வைக்கும் மரச்சட்டத்தில் அம்மா கரண்டிகளையும் அப்பா குடையையும் மாட்டினார்கள். மேஜைக்கு வெளிச்சம் போடத் தாழத் தொங்கவிட்ட பச்சை விளக்குகள் அறையின் நடுவில் அப்படியே தொங்கின. அப்பா தினம் ஒரு தடவையாவது அவற்றில் தலையை இடித்துக்கொண்டு சேட்டைத் திட்டுவார். பலகைத் தட்டி போட்டு மறைத்த மூலைதான் சமையலறை. இத்தாலியப் பளிங்கில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அம்மா இட்லிக்கு அரைப்பாள்.

வடக்குச் சுவர் மட்டும் அம்மாவுடையது. அதில் ஆணி அடிக்கவோ காலண்டர் மாட்டவோ யாருக்கும் அனுமதியில்லை. வரலட்சுமி நோன்பு வருவதற்கு முன்னால் அந்தச் சுவரில் ஒரு சதுரத்துக்கு அவளே சுண்ணாம்பு அடிப்பாள். போன வருஷத்து அம்மன் முகம் அதற்கடியில் மறைந்துவிடும். காய்ந்ததும் புதிதாக ஒரு முகம் எழுதுவாள். காவியால் கோடு, மஞ்சளால் முகம், குங்குமத்தால் உதடு, விளக்குப் புகை பிடித்துக் குழைத்த மையால் கண். தென்னங்குச்சி நுனியில் பஞ்சு சுற்றிக்கொண்டால் அதுதான் தூரிகை. முகம் ஒரு தாம்பாள அளவு இருக்கும். அதற்கு முன்னால் கலசம் வைத்துப் பூஜை நடக்கும். நோன்பு முடிந்து கலசத்தை எடுத்தபின் அடுத்த சுண்ணாம்பு வரை முகம் சுவரிலேயே இருக்கும். நாங்கள் அதன் எதிரில் சாப்பிடுவோம், சண்டை போடுவோம், தூங்குவோம்.

எழுதி முடித்ததும் அம்மா பின்னால் நகர்ந்து நின்று பார்ப்பாள். வருஷம் தவறாமல் ஒரு குறை கண்டுபிடிப்பாள். ஒரு தடவை மூக்குத்தி, ஒரு தடவை நெற்றி. "போறது, அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம்" என்று கையைக் கழுவப் போய்விடுவாள். நான் சொல்லப்போகிற வருஷத்தில் விடாத மழை. சுண்ணாம்பு முழுக்கக் காயவில்லை. வலது கண்ணின் மேல்கோடு ஈரத்தில் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. அதற்கும் அதே பதிலைத்தான் சொன்னாள்.

பூஜைக்கு வந்த சுமங்கலிகள் எல்லாம் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போன பிறகு சேட்டம்மா மாடியிலிருந்து இறங்கி வருவாள். அவள் கணவனை இழந்தவள். தாம்பூலம் கிடையாது என்பது அவளுக்கே தெரியும். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அம்மா தரும் கொழுக்கட்டையை வாங்கிக்கொண்டு போவாள். மழை பெய்த அந்த நோன்புக்கு அவள் இல்லை. அதற்கு முந்தைய கோடையிலேயே போய்விட்டாள்.

வீட்டைத் தன் கணவர் காலத்தில் இருந்தபடியே வைத்திருந்து ஜனங்களுக்குக் காட்ட வேண்டும் என்று அவள் எழுதி வைத்திருந்தாள். ஒரு டிரஸ்ட் ஏற்பட்டது. அதன் காரியதரிசி நல்ல மனிதர், சாந்தமாகப் பேசுவார். வாடகைச் சட்டப்படி உங்களை யாரும் கிளப்ப முடியாது, பார்க்க வருகிறவர்கள் பின்கட்டுக்கு வரப்போவதும் இல்லை, முன் போர்ட்டிகோவில் துணி மட்டும் உலர்த்தாதீர்கள் என்றார். அப்பா அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தார்.

பம்பாயில் டிராம் ஓட்டம் நின்றுபோன சமயம் அது. நகரத்தில் எல்லாம் புதுசாகிக்கொண்டிருந்தபோது எங்கள் வீடு மட்டும் பின்னோக்கிப் போனது. மின்விசிறிகளை இறக்கிவிட்டுத் துணி விசிறி கட்டினார்கள். சேட்டின் செருப்பைத் துடைத்துக் கட்டிலடியில் வைத்தார்கள். "செத்துப்போனவா வசதிக்கு ஓடி ஓடிச் செய்யறா. உயிரோட இருக்கறவா கேட்டா ஒரு குழாய் ரிப்பேர் பண்ண மாட்டா" என்று அம்மா சொல்லிச் சிரித்தாள். எனக்கு அப்போது கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இந்தக் கூத்தையெல்லாம் பார்க்க முடிந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காரியதரிசி ஓர் ஓவியப் பேராசிரியரை அழைத்து வந்தார். கூரை ஓவியங்களைப் பார்க்க வந்தவர், ஒழுகும் இடத்தைப் பார்ப்பதற்காக எங்கள் அறைக்குள்ளும் வந்தார். சுவரைப் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு கத்தியை எடுத்து, அனுமதி கேட்டுவிட்டு, சதுரத்தின் ஓரத்தில் மெதுவாகச் சுரண்டினார். சுண்ணாம்பு உதிர்ந்தது. அடியில் மஞ்சள் தெரிந்தது. அதற்கும் அடியில் சுண்ணாம்பு, அதற்கடியில் மறுபடி மஞ்சள். அவர் முகம் சிவந்துவிட்டது. இங்கிலீஷில் என்னிடம் வேகமாகச் சொல்லத் தொடங்கினார்: வீடு கட்டிய நாள் முதல் பூஜையில் இருந்து, மேலே மேலே எழுதப்பட்ட சுவர் இது. சேட் தன் மனைவிக்காகத் தெற்கிலிருந்து பெரிய கலைஞன் ஒருவனை வரவழைத்திருக்க வேண்டும். அந்த வலது கண்ணைப் பார், அருள் செய்வதற்காகச் சற்றே தாழ்ந்திருக்கிறது, அந்தத் துணிச்சல் சாதாரணக் கைக்கு வராது.

பேராசிரியர் முட்டாளில்லை. அழகு என்றார், அது சரிதான். வயதில்தான் தப்புப் பண்ணினார். வருஷத்துக்கு ஒரு முகத்தை மூடிவிட்டு அதன்மேலேயே இன்னொன்று எழுதுகிற ஜனங்கள் உண்டு என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"உன் அம்மாவுக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று கேள்" என்றார். அம்மா மாவுக் கையோடு தட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"என்னடி சொல்றார்?"

"ரொம்பப் பழசுங்கறார். பெரிய ஆர்ட்டிஸ்ட் யாரோ எழுதியிருக்கான்னு சொல்றார்."

அம்மா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். "திருப்பிச் சொல்லு" என்றாள். திருப்பிச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு."

வெட்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்து அப்படியே மொழிபெயர்த்தேன்.

கொஞ்ச நாளில் காரியதரிசி மறுபடியும் வந்தார். இந்தச் சுவர்தான் வீட்டிலேயே முக்கியமான பொருள், கண்ணாடிச் சட்டம் போட்டுப் பாதுகாக்க வேண்டும் என்று பேராசிரியர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். அறையை எங்களிடமிருந்து பிடுங்க முடியாது. ஆனாலும் மனசு வைத்தால் டிரஸ்டுக்குச் சொந்தமான இரண்டு ரூம் பிளாட் ஒன்று செம்பூரில் காலியாக இருக்கிறது, இதே வாடகை என்றார். அவர் தலை மறைந்ததும் அப்பா குதித்தார்.

"இதென்னடா அக்கிரமம்! நம்மாத்துச் சுவத்துல இருக்கறதுக்காக நம்மளையே போங்கறதா? நாளைக்கே போய்ச் சொல்றேன். சாப், யே மேரி பீவிகா காம் ஹை, எம்பொண்டாட்டி கைவேலைன்னு, அவ்வளவுதான். மூட்டையக் கட்டிண்டு போயிடுவா."

அம்மா காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "சொன்னா, சுவரை என்ன பண்ணுவா?"

"என்ன பண்ணுவா? ரிப்பேரோட சேத்து வெள்ளை அடிச்சுடுவா. நீயே வருஷா வருஷம் அடிக்கறதுதானே?"

"நான் அடிக்கறது வேற."

"என்ன வேற? ஒரு கிறுக்கலுக்காக மாதுங்காவை விட்டுட்டு அந்தக் காட்டுக்குப் போகச் சொல்றியா?"

அம்மா டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். தட்டிக்குப் பின்னால் போனாள். பாத்திரம் துலக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு உள்ளேயிருந்தே, சாதாரணமாகக் கேட்டாள்: "செம்பூர்ல தண்ணி நாள் பூரா வருமாமே?"

அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாதுங்காவை விட்டுப் போக மாட்டேன் என்று அத்தனை வருஷமாகச் சொல்லி வந்தவள் அவள்தான். கோயில், பூக்கடை, வாழையிலை விற்கிறவன், சாயங்காலம் வந்து பேசிவிட்டுப் போகிற சிநேகிதிகள் என்று அவளுடைய உலகம் முழுவதும் நடந்து போகிற தூரத்தில் இருந்தது. செம்பூரில் அப்போது ஸ்டேஷனைத் தாண்டினால் புதர்தான். காற்று திரும்பினால் எண்ணெய் ஆலை நாற்றம் வரும். அப்பாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. தண்ணீருக்காகத்தான் போனோம் என்று எல்லோரிடமும் சொன்னார்.

எனக்கும் புரிந்திருக்காது. புடவைகளை டிரங்கில் அடுக்கும்போது அவளாகவே சொன்னாள். "நான் கல்யாணமாகி இங்க வந்ததுலேந்து, நான் பண்ணின எதையாவது ஒருத்தர் நின்னு பாத்திருக்காளாடி? சாப்ட்டுட்டு எழுந்துண்டு போவா. நோன்புக்கு வரவா அம்பாளைச் சேவிச்சுட்டு என் புடவையப் பாப்பா. பாவம், அந்த சேட்டம்மா ஒருத்திதான் நின்னா. அந்த மனுஷர் கண்ணாடியத் தொடச்சுண்டுன்னா பாத்தார்!"

அப்படி நின்று பார்த்தவர்களில் நானும் இல்லை என்பது எனக்குச் சுருக்கென்று தைத்தது. சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். நீதான் எழுதினாய் என்று சொன்னால் பேராவது வருமே. தலையை ஆட்டிவிட்டாள். "குடியிருக்கறவ எழுதினதுன்னு தெரிஞ்சா யாருடி கண்ணாடிச் சட்டம் போட்டு வைப்பா? பேர் கெடக்கட்டும். அது இருக்கட்டும்."

செம்பூர் பிளாட்டில் தண்ணீர் நாள் முழுவதும் வந்தது. சமையலறைக்குத் தனிக் கதவு இருந்தது. முதல் நோன்பு வந்தபோது நான் சுண்ணாம்பு வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கடையிலிருந்து ஒரு சின்ன வெள்ளி முகம் வாங்கிவரச் சொல்லி, கலசத்தில் கட்டினாள். "அவதான் அங்க இருக்காளே" என்றாள். அதற்குப் பிறகு அவள் எந்தச் சுவரிலும் எழுதவில்லை.

வீட்டைத் திறந்து வெகு நாளைக்கப்புறம், ஒரு விடுமுறை நாளில் நானும் அவளும் போனோம். நாங்கள் உபயோகித்தே இராத முன்வாசல் வழியாக, டிக்கெட் வாங்கிக்கொண்டு. மாடியைப் பார்த்தோம். சேட்டின் செருப்பைப் பார்த்தோம். கடைசியாகப் பில்லியர்ட்ஸ் அறை. எங்கிருந்தோ ஒரு மேஜையைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மரச்சட்டத்தில் கரண்டிகளுக்குப் பதில் கோல்கள் நின்றன. தட்டி போன இடத்தில் எண்ணெய்ப் பிசுக்குக்கூட இல்லை. நாங்கள் அங்கே வாழ்ந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை என்று பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது.

வடக்குச் சுவரில் முகத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, எதிரே சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஓர் அட்டை. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் படித்துச் சொன்னேன்: "இந்த வீட்டு அம்மையாரின் வேண்டுதலுக்காக எழுதப்பட்டது. பெயர் தெரியாத தென்னாட்டுப் பெருங்கலைஞர். அருள் பொழியச் சற்றே தாழ்ந்த வலது கண்ணைக் கவனிக்கவும்."

"திருப்பிப் படி" என்றாள். படித்தேன்.

எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அட்டையைப் படித்துவிட்டு வலது கண்ணைக் கவனித்தார்கள். ஒரு பெண் கைகூப்பினாள். அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தேன். எழுதி முடித்ததும் பின்னால் நகர்ந்து நின்று பார்ப்பாளே, அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னை அறியாமல் கயிற்றைத் தாண்டிக் கை நீண்டது. காவல்காரன், "மாஜி, ஹாத் மத் லகானா" என்று தொடவிடாமல் தடுத்தான். கையை இழுத்துக்கொண்டாள்.

"அருளும் இல்ல ஒண்ணும் இல்லடி. மழை. சுண்ணாம்பு காயலை" என்றாள் மெதுவாக. "ஒரு பொட்டு மை வெச்சா சரியாப் போயிடும். அடுத்த வருஷம்னு விட்டுட்டேனே."