வளையல் இல்லாத கை

எண்பதுகளின் கடைசியில் என் மருமகள் இராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், இரும்பைச் சீவும் லேத் மிஷின் வேலை படித்து வந்தாள். என் மகன் சம்மதித்துவிட்டான். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்த பக்கத்து வீட்டுக்காரி, "ஒங்க மருமவ அங்க கையில ஒத்த வளையல்கூட இல்லாம நிக்கா மதினி" என்றாள். வீட்டில் கை நிறைய வளையலோடு இருப்பவள், அங்கே போய்க் கல்யாணமாகாதவள் மாதிரி நடிக்கிறாளா? புருஷன் உயிரோடு இருக்கும்போது வெறுங்கையா?

மறுநாளே கையும் களவுமாகப் பிடிக்கப் போனேன். பட்டறைக்குள் ஓடுகிற மிஷின் முன்னால் வெறுங்கையோடுதான் நின்றாள்.

"ஏட்டி, எம்மவன் உசுரோட இருக்கும்போது இதென்ன கோலம்?" என்று விறுவிறுவென்று கிட்டே போனேன்.

"அத்தை, அங்கனயே நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே மிஷினை நிறுத்தினாள். அதுவரை என்னிடம் குரல் உயர்த்தாதவள். பாய்ந்து வந்து என் முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினாள். அது, நிறுத்திய பிறகும் சுழன்றுகொண்டிருந்த இரும்புக்குச் சாண் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

"துணியோ வளையலோ மாட்டுச்சுன்னா ஆளையே இழுத்துக்கிரும் அத்தை."

அங்கே வேலை சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் சிரித்தார். "மருமவளப் பிடிக்க வந்தீக. மிஷினு ஒங்களயில்ல பிடிச்சிருக்கும்!"

ரோஷத்தில் முந்தானையை இன்னும் இறுக்கிச் சொருகிக்கொண்டு வெளியே வந்தேன். ஆனால் என் சந்தேகம் அன்றைக்கு அவளை விட்டுவிட்டு அந்த மிஷின் மேல் ஏறிக்கொண்டது. பிறகு அவள் பட்டறை வேலைக்குப் போன காலமெல்லாம், சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது அவள் விரல்களைத்தான்.