பெட்டிக்கு வலக்கை மட்டும்

இடக்கையை முதுகுப் பக்கம் லுங்கிச் செருகலில் திணித்துக்கொண்ட பிறகுதான் நவநீதகிருஷ்ணன் தன் ரேடியோப் பெட்டிக்குள் கைவிடுவார். அவரைப்போல வீட்டிலிருந்தே வானலையில் வெளிநாட்டாரோடு பேசும் ஹாம் ரேடியோக்காரர்களில் பேன்ட் போட்டவர்கள் அந்தக் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்வார்களாம். ஞாயிற்றுக்கிழமை சங்ககிரியில் வீட்டுக்குள் எவர் பேன்ட் போடுகிறார்? "ரெண்டு கையும் உள்ள போனா கரண்டு நெஞ்சு வழியாப் பாயுமுங்க. ஒத்தக் கைன்னா பொழைக்க வழியிருக்குது" என்பார், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும்.

வாரம் முழுக்க லாரிகளுக்கு வயரிங் பார்க்கிற கை. வீட்டு மிக்ஸி கெட்டால் மாசக்கணக்கில் கிடக்கும். ஆனால் அவர் குரலை ஜப்பான் வரை தள்ளிவிடும் இந்த ஆம்ப்ளிஃபயர் லேசாக முனகினால் போதும், சோறு தண்ணி மறந்துபோகும். மனைவி தனப்பிரியாவுக்கு வயிறு எரியும். மறைப்பானேன், பொறாமைதான். பெட்டிக்குப் பூப்போட்ட உறை தைத்து வாங்கி வந்தவர், அதே தையல்காரரிடம் கிடந்த அவளுடைய ஜாக்கெட்டை மறந்துவிட்டு வந்தார். முகம் தெரியாத ஜப்பான்காரனிடம் நலம் விசாரிக்கிற வாய், அவளிடம் "காப்பி" என்பதோடு சரி.

மூடியைக் கழற்றும் முன் ப்ளக்கைப் பிடுங்கி அவள் மடியில் போடுவார். வேறு யாரும் தெரியாமல் சொருகிவிடக் கூடாதே. "எனக்கு ஏதாச்சும் ஆனா என்னயத் தொட்டுராத புள்ள. மொதல்ல மெயினை அமத்து." தாலி கட்டியவளைத் தொடாதே என்கிற மனுஷன், பெட்டியை மட்டும் தடவித் தடவிப் பார்ப்பார்.

அப்புறம் குச்சி. பிளாஸ்டிக் குழாயின் நுனியில் கம்பி, கம்பியிலிருந்து எர்த்துக்கு ஒரு வயர். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்டைத் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டரை அதால் தொட்டால், தேங்கியது எர்த்துக்கு இறங்கி 'படார்' என்று பொறி பறக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது தனப்பிரியா கொதித்துப்போனாள்.

"ப்ளக்கப் புடுங்குன பொறவும் உங்களுக்காவ உசுர வெச்சுக்கிட்டுக் கெடக்குறா பாருங்க, சக்களத்தி!"

"ரெண்டாயிரம் வோல்ட்டு புள்ள. ஆளயே முழுங்கிரும்."

போன ஞாயிறு மூடியைக் கழற்றிய நேரம் பார்த்து ஆட்டையாம்பட்டி இனியன் போனில் வந்தான். அவனும் ரேடியோ பைத்தியம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். குச்சி மேசையிலேயே கிடந்தது. இடக்கை செருகலிலிருந்து தானாக வெளியே வந்து பெட்டியின் விளிம்பைப் பிடித்தது. வலக்கை உள்ளே போயிற்று.

"மாமா! குச்சி!"

அவள் போட்ட கூச்சலில் கை பாதியிலேயே நின்றது. வெடுக்கென்று இரண்டையும் இழுத்துக்கொண்டார். "அட சாமி..." என்றார்.

தனப்பிரியா எழுந்து ப்ளக்கை அவர் மடியில் போட்டாள். இடக்கையை முதுகுப் பக்கம் இடுப்புச் சேலையில் திணித்துக்கொண்டாள். வலக்கையால் குச்சியை எடுத்து, அவர் வழக்கமாகத் தொடும் இடத்தைத் தொட்டாள். படார்! இன்னொரு தரம் தொட்டாள். சத்தமே இல்லை.

"செத்துட்டா. இப்பத் தொட்டுக்குங்க" என்றாள். குச்சியை மட்டும் கீழே வைக்கவில்லை.