ஷமீமா வீட்டு போன் லைன்

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிப் போடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதன் முதுகுப் பக்கமிருந்து சூடேறிய தூசியின் வாசனை வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் கிட்டே போய் நின்றேன். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். அந்த வாசனையோடு கொஞ்சம் அத்தரும் சேர்ந்திருந்தால், மரக்காணத்தில் ஷமீமா வீட்டு நடு அறைக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்.

ஷமீமாவும் நானும் ஐந்தாவது வரை ஒரே பெஞ்ச். பிறகு அவள் வேன் வந்து கூட்டிப்போகும் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போனாள். நான் அரசுப் பள்ளி. அவளுடைய அப்பா, அவர்கள் வழக்கில் அத்தா, துபாயில் இருந்தார். என் அம்மா உப்பளத்தில் உப்பு வாரினாள். எங்கள் பள்ளியிலும் கம்ப்யூட்டர் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். உப்புக் காற்றில் துருப்பிடித்துவிடும் என்று பாதி நாள் உறை போட்டே வைத்திருப்பார்கள். மீதி நாளில் ஒரு மெஷினைச் சுற்றிக் கும்பலாக நிற்போம். முன்னால் நிற்கிறவளுக்குக் கீபோர்டு, எனக்கு அவளுடைய பின்னல். மவுஸின் வலது பொத்தான் டீச்சர்களுக்கு மட்டும் என்று ப்ளஸ் டூ வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். இண்டர்நெட் அந்த அறைக்குள் வரவேயில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம், அறிவியல் கண்காட்சிக்கு ப்ராஜெக்ட் செய்யச் சொன்னார் கெமிஸ்ட்ரி சார். "புக்குல இருக்கறதயே எழுதிக்கிட்டு வராதீங்க. நெட்ல தேடி ப்ரிண்ட் அவுட் எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். எங்கே போய்த் தேடுவது என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ப்ரௌசிங் சென்டர் இருந்தது. பலகை வைத்துத் தடுத்த இருட்டுக் கூண்டுகள், உள்ளே முழுக்கப் பையன்கள். வாசல் வரை போனேன். "கூட யாரும் வர்லியா? அண்ணன் தம்பி யாரயாவது இட்டுக்கினு வாம்மா" என்று சென்டர்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.

ஆனால் தலைப்பு மட்டும் என்னிடம் தயாராக இருந்தது: எங்கள் தெருக் கிணறு. சுனாமியன்று கடல் கழிமுகம் வழியாக ஏறிவந்து அதில் இறங்கியதிலிருந்து தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. நாள் முழுக்க உப்பில் நின்றுவிட்டு வரும் அம்மா, வெடித்த கால்களை அந்த உப்புத் தண்ணீரிலேயே கழுவுவாள். பல்லைக் கடித்துக்கொள்வாள். தெரு ஆண்கள் ஆயில் இஞ்சின் வைத்துத் தினமும் கிணற்றை இறைத்துக் கொட்டினார்கள். இறைக்க இறைக்க உப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வெறி.

நேராக ஷமீமா வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் கம்ப்யூட்டர் மேலிருந்த பூப்போட்ட துணியை எடுத்து மடித்து வைத்தார். "வெள்ளிக்கிழம மட்டும் வேணாம், அவ அத்தா பேசுவாரு. மத்த நாள் பாத்துக்கம்மா" என்றார். அந்தக் காலத்து நெட் டெலிபோன் லைன் வழியாகத்தான் வரும். மோடம் கீச்சிட்டு, இருமி, கரகரத்து ஒருவழியாக ஒட்டிக்கொள்ளும். நெட் ஓடும்வரை வீட்டு போன் எங்கேஜ்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கம் ஒன்று மேலிருந்து வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஷமீமா இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொல்ல, நான் எழுதிக்கொண்டிருந்தேன். மளிகைக் கடைக்காரர் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா பண்றீங்க உள்ள? துபாய்லருந்து பாய் என் கடைக்குப் போன் பண்ணி அழுவுறாரு. மறுபடியும் கடல் வந்துடுச்சுன்னு அங்க எவனோ சொல்லிட்டானாம். உங்க லைனே கெடைக்கலியாம்!"

ஷமீமா மோடத்தின் ஒயரைப் பிடுங்கினாள். உடனே போன் அடித்தது. அத்தை எடுத்தார். "நல்லா இருக்கோங்க... எல்லாரும் நல்லா இருக்கோம்..." அதற்கு மேல் பேச வராமல் அழுதபடி ரிசீவரை மகளிடம் நீட்டினார். ஷமீமா பயந்து பின்னால் நகர்ந்தாள். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, நான் வாங்கிக்கொண்டேன்.

"மாமா, நான் ஷமீமா ஃப்ரெண்டு. நாங்கதான் நெட்டு போட்டிருந்தோம். எங்க தெருக் கெணறு உப்பாயிடுச்சு. அதுக்கு இன்னா பண்றதுன்னு பாத்துக்கினு இருந்தோம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னா போட்டிருக்குது அதுல?" என்றார்.

"எறைச்சுக்கினே இருக்கக் கூடாதாம் மாமா. மேல நல்ல தண்ணி, அடியில உப்புத் தண்ணியாம். வேகமா எறைச்சா அடியில இருக்கறது மேல ஏறிடுமாம். மழ பேஞ்சு தானா சரியாவணுமாம்."

"அப்ப போயி மொதல்ல இஞ்சின நிறுத்தச் சொல்லு" என்றவர், தொடர்ந்து சொன்னார்: "நெட்டு போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்கம்மா. முடிச்சதும் ஒண்ணு குடுங்க. நான் பயப்படாம இருப்பேன்."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். என் வகுப்புப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வர ஆரம்பித்தார்கள். அத்தை நடு அறையில் ஒரு பெரிய கோரைப்பாயை விரித்துப் போடுவார். துபாய்க்கு மிஸ்டு கால் கொடுப்பது யார் என்று எங்களுக்குள் சண்டையே நடக்கும்.

தெருவில் விஷயத்தைச் சொன்னபோது சிரித்தார்கள். "கம்ப்யூட்டரு வந்து தூர் வாருமா?" என்றார் ஒருவர். அம்மா சிரிக்கவில்லை. இஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். "எம் பொண்ணு படிச்சுட்டுச் சொல்லுது. ஒரு மழ பாத்துட்டு வந்து வாங்கிக்கோங்க" என்றாள். அம்மாவிடமிருந்து அதைப் பிடுங்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

கண்காட்சியில் எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. டவுன் பள்ளி ஒன்றின் எரிமலைக்குக் கிடைத்தது. சுற்றிலும் கலர் ப்ரிண்டுகள் ஒட்டி, உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது. ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. தை பிறந்தபோது ஒரு சாயங்காலம் அம்மா கிணற்றடியில் கால் கழுவுவதைப் பார்த்தேன். முகம் சாதாரணமாக இருந்தது. ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மழையால் ஆனதா, ஹேண்டிலால் ஆனதா, எனக்குத் தெரியாது. தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் என்னால்தான் என்று சொல்லிவைத்தேன்.

இப்போது எங்கள் தெருவில் எல்லாப் பெண்கள் கையிலும் போன் இருக்கிறது. பாடம் தேட ஒருத்தி இன்னொருத்தி வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவள் நான். இதை நல்லது என்றுதான் சொல்வேன். ஆனாலும் போன முறை ஊருக்குப் போனபோது அத்தையின் நடு அறை ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்த அந்தக் கோரைப்பாய் எங்கே என்று கேட்டேன்.

"யாருக்கோ குடுத்துட்டேன்மா" என்றார் அத்தை. "அவ்ளோ பெரிய பாய்ல ஒக்கார இப்ப யாரு வர்றாங்க?"