அம்மாவின் பெயரில் ஒரு பார்

எங்கள் லாட்ஜுக்கு பார் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்தது அப்பா என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் விண்ணப்பித்தது அம்மா. அவள் விரும்பிச் செய்ததல்ல. இடம் அவள் பெயரில் இருந்தது, அவ்வளவுதான்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது அந்தக் கட்டடம். அப்பா திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். இளவயதில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலைக்குப் போய், பிறகு கூட்டாளிகளோடு சேர்ந்து சொந்த வண்டி வாங்கி, கர்நாடகம், ஆந்திரா, சத்தீஸ்கர் என்று ஊர் ஊராகப் போர் போட்டுச் சம்பாதித்தவர். வண்டிக் கடன் எல்லாம் அவர் பெயரில் இருந்ததால் நிலத்தை அம்மா பெயரில் கிரயம் செய்தார். அதற்குப் பிறகு அந்தப் பத்திரத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. லாட்ஜை அப்பா கட்டினார், அப்பா நடத்தினார். அம்மா படுக்கை விரிப்புகள் ஒழுங்காக வெளுத்து வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டாள்.

கொரோனாவுக்குப் பிறகு வியாபாரம் படுத்துவிட்டது. மலைக்குப் போகிறவர்கள் வாசலில் காரை நிறுத்தி, இறங்காமலே, "பார் இருக்குதுங்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும் கண்ணாடி மேலேறிவிடும். பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பியிருந்த சமயம் அது. ஒருநாள் அப்பா என்னிடம், "பாருக்கு எழுதிப் போட்டுரலாம் சாமி. இல்லீனா இதை இழுத்து மூடோணும்" என்றார். வேலையை நான் எடுத்துக்கொண்டேன். போலீஸ், தாசில்தார், தீயணைப்பு என்று ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்து அம்மாவிடம் நீட்டினேன். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு போட்டாள்.

கட்டட வரைபடம் வந்த அன்று மட்டும் அதை மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்தாள். "கண்ணு, மாடிப்படிக்குக் கீழ இருக்கற ரூம் இதுல எங்க?" என்றாள்.

"அந்தச் செவுத்த இடிச்சர்றோம்மா. முழுசும் ஒரே ஹாலாயிரும்."

அவள் வரைபடத்தை மடித்துக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த அறையில்தான் மாமா இறந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்பாவின் ரிக் வண்டியில் ஏறியவர், பத்துப் பன்னிரண்டு வருடம் வெளிமாநிலங்களிலேயே கிடந்தார். கல்யாணத்துக்குப் பெண் அமையவில்லை. திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் மஞ்சள். வயிறு வீங்கி, கை கால்கள் குச்சியாகியிருந்தன. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மாடி ஏற முடியாது என்பதால் அந்தக் கீழறையில் படுக்க வைத்து, கடைசிவரை அம்மாதான் கஞ்சி ஊட்டி, துடைத்துவிட்டு, பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். அவர் போன பிறகு அந்த அறையை வாடகைக்கு விட அவளும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை.

விசாரணைக்குக் கலெக்டர் ஆபீசுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. மூவரும் போனோம். கலால் அதிகாரி நடுவயதுப் பெண். அவர் கேட்டதற்கெல்லாம் அப்பாதான் முந்திக்கொண்டு பதில் சொன்னார். எத்தனை அறைகள், பக்கத்தில் கோயில் உண்டா, பள்ளிக்கூடம் உண்டா. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அதிகாரி, "சார், விண்ணப்பதாரர் அவங்க. அவங்க சொல்லட்டும்" என்றார்.

அம்மாவைப் பார்த்துத் திரும்பி, "இடம் உங்களுதுதானேம்மா?" என்றார்.

"ஆமாங்க."

"பார் நடத்த உங்களுக்குச் சம்மதம்தானே? யாரும் கட்டாயப்படுத்தலையே?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். பதிலை எதிர்பார்க்காமலே அவர் பேனாவைத் திறந்துவிட்டார். அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டாயம் ஒண்ணுமில்லீங்க. ஆனா சம்மதமான்னு என்னைய இதுவரைக்கும் ஆரும் கேக்கலீங்க. நீங்கதான் மொதல்ல கேக்கறீங்க."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "சரி, நான் கேக்கறேன். சொல்லுங்க."

"என்ற தம்பி குடிச்சுத்தானுங்க செத்தான். அந்த லாட்ஜுலயேதான். குடிக்கறவங்க எங்கியோ குடிச்சுக்கட்டும், நான் ஆரையும் தடுக்கறதுக்கு இல்லீங்க. என்ற பேர்ல வேண்டாமுங்க. இவுங்களுக்கு வேணும்னா இடத்தை இவுங்க பேருக்கே எழுதிக் குடுத்தர்றேன். சம்பாதிச்சது இவுங்கதானுங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. அதிகாரி ஃபைலை மூடி ஓரமாக நகர்த்திவிட்டு, "வீட்டுல பேசிட்டு வாங்க. நான் இப்ப எதுவும் எழுதலை" என்றார்.

வண்டியை நான்தான் ஓட்டினேன். அப்பா முன்னால், அம்மா பின்னால். அஸ்தம்பட்டியைத் தாண்டினோம். கோரிமேடு வந்ததும் அப்பா, "வண்டிய ஓரங்கட்டு சாமி" என்றார். இறங்குவார் என்று நினைத்தேன். இறங்கவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே அம்மாவிடம் பேசினார்.

"போர்ல நல்லாத் தண்ணி வந்துச்சுன்னா பசங்களுக்குப் பாட்டல் வாங்கிக் குடுக்கறது எல்லா வண்டியிலயும் இருக்கறதுதான். உன்ற தம்பி வேண்டாம் மாமா, வேண்டாம் மாமான்னான். சின்னப் பையன், குளுருக்கு நல்லதுடான்னு சொல்லி ஊத்திக் குடுத்தது நாந்தான்."

"தெரியுமுங்க. படுத்திருக்கறப்ப அவனே சொன்னான்."

அப்பா சட்டென்று பின்னால் திரும்பினார். "தெரிஞ்சுட்டேவா இருந்த? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா எந்திரிச்சு வந்துருவானுங்களா?" என்றாள் அம்மா. பிறகு, "உங்க மேல வருத்தமே இல்லீன்னு சொன்னா அது பொய்யிங்க" என்றாள்.

அப்பா கண்களைத் துடைக்கவில்லை, வழிய விட்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுவே முதல் தடவை. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே, "எடு கண்ணு, போலாம்" என்றாள்.

செய்தி எப்படியோ சொந்தத்தில் பரவியது. பெரியப்பா வந்து, "அதான் எழுதித் தர்றேங்குதே, வாங்கிக்க வேண்டியதுதானே? பொழைக்கற வழியப் பாருடா" என்று அப்பாவைத் திட்டினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பத்திரம் எழுதி வாங்கி, அப்பா பெயரில் மறுபடி விண்ணப்பித்தால் லைசென்ஸ் கிடைத்திருக்கும். அம்மாவும் அதற்குத் தயாராகத்தான் இருந்தாள்; அப்பா எப்போது கூப்பிட்டாலும் ரெஜிஸ்டர் ஆபீசுக்கு வருகிறேன் என்று என்னிடமே சொன்னாள்.

அப்பா கூப்பிடவில்லை. ஒரு காலையில் தனியாக பஸ் ஏறிக் கலெக்டர் ஆபீசுக்குப் போய், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் கையெழுத்து செல்லாது, அம்மா போட வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை அம்மாவிடம் கொடுத்தார். பென்சில் புள்ளி எதுவும் வைத்திருக்கவில்லை.

"படிச்சுப் பாரு. உனக்குச் சரின்னு பட்டா மட்டும் போடு."

அவள் வாசல் வெளிச்சத்துக்குப் போய் நின்று, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்து முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.

பணக்கஷ்டம் தீரவில்லை. ரிக் வண்டியில் இருந்த பங்கை அப்பா விற்க வேண்டியதாயிற்று. மேலே கொஞ்ச தூரத்தில் இன்னொரு ஹோட்டலில் பார் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கார் நிறுத்த இடமிருக்காது. எங்கள் லாட்ஜைக் கல்லூரிப் பெண்களுக்கான விடுதியாக மாற்றினோம். லாபம் பெரிதாக இல்லை, நடக்கிறது. அம்மா செய்தது சரியா என்று என்னிடம் கேட்டால் இன்றைக்கும் பளிச்சென்று பதில் சொல்ல வராது. அவளால் வேறு மாதிரி செய்திருக்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

போன ஜூன் மாதம் மேச்சேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் மகளைச் சேர்க்க வந்தார். காலை நேரத்திலேயே நன்றாகக் குடித்திருந்தார். அந்தப் பெண் அவமானத்தில் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அம்மா அவளை உள்ளே கூட்டிப் போனாள். அப்பா அந்த மனிதரைப் பக்கத்தில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். "எனக்கு ஒரு மச்சினன் இருந்தானுங்க" என்று ஆரம்பித்தார். வெளியாட்களிடம் அவர் மாமாவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. முதல் கிளாஸ் ஊற்றிக் கொடுத்தது யார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த மனிதர் காதில் எதுவும் விழுந்த மாதிரி தெரியவில்லை. இடையிடையே தலையை மட்டும் ஆட்டினார். அப்பா நிறுத்தாமல் கடைசிவரை சொல்லி முடித்துவிட்டு, அவரை பஸ் ஏற்றிவிடக் கூடவே நடந்து போனார்.