நாலஞ்செட்டு

காரோய் மேட்டுநிலத்து ஊர். ட்செட்சே ஈ அங்கே கிடையாது. ஆனாலும் விதைக்கடையில் உரமூட்டைகளுக்கு நடுவே நிற்கும் ஒபர்ட், பேச்சுக்கு நடுவில் தன் பிடரியைப் பளாரென்று அறைந்துகொள்வார். கையை விரித்துப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. சோளவிதை வாங்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ரத்தம் குடிக்கிற அந்த ஈயைக்கூட ஒரு மனிதன் தேடுவானா? அவர் தேடினார். பாதி ஆயுளை அந்த ஈ மொய்க்கும் ஸாம்பேசிப் பள்ளத்தாக்கில் கழித்தவர். முதலில் வேட்டையாடிய மிருகங்களின் தோலுக்கு உப்புத் தேய்க்கும் வேலை, பிறகு தடம் பார்க்கும் வேலை. வேட்டையாட வருகிறவர்களுக்குக் காவலாகத் துப்பாக்கியோடு போகும் வேட்டைத்துணைவர் தேர்வில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறினார்.

பள்ளத்தாக்கில் வேட்டைத்துணைவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் தூக்கும் துப்பாக்கியின் குழல் அளவுதான் பெயர். ஒபர்ட்டின் பெயர் நாலஞ்செட்டு, அதாவது 458. சுண்டுவிரல் தடிமன் ரவை. எதிரே ஓடிவரும் யானையையும் நின்ற இடத்தில் நிறுத்தும். வெளிநாட்டிலிருந்து காசு கட்டி வேட்டையாட வரும் விருந்தாளிகளின் கையில் பெரும்பாலும் அதைவிடச் சின்னதான மூணேழஞ்சு இருக்கும். பெரிய மிருகத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவு அதுதான். விருந்தாளி தப்பாகச் சுட்டு, காயம்பட்ட எருமை புதரைப் பிளந்துகொண்டு வரும்போது, பக்கத்தில் நிற்பவரின் கையில் அதைவிடப் பெரியது இருந்தாக வேண்டும் என்பது அங்கே வேதவாக்கு. ‘விருந்தாளித் துப்பாக்கி’ என்பது ஒரு வசவு.

அப்படி வந்த ஓர் எருமைதான் அவரை மேட்டுக்கு அனுப்பியது. அடர்ந்த முட்புதருக்குள் அவர் சுட்ட ரவை குறி தப்பவில்லை. ஆனால் செத்த எருமை வந்த வேகத்தில் அவர்மேல் சரிந்தது. வலது காரை எலும்பு மூன்று துண்டு. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள்.

ஒபர்ட்டின் குலச்சின்னமும் எருமைதான். அந்தக் கறியை அவர் வாயில் வைப்பதில்லை. தடம் பார்க்கும் மங்விரோ ஆஸ்பத்திரிக் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, நர்ஸ்கள் கேட்கும்படி சொன்னான்: “சொந்தக்காரனே முட்டிட்டான்மா! பங்காளிச் சண்டை, நாம தலையிடக் கூடாது.” எல்லாரும் சிரித்தார்கள். மங்விரோ அவருக்கு சஹ்விரா. இரண்டு குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வைத்திருக்கும் கேலி உறவு அது. சஹ்விரா சாவு வீட்டில் பிணத்தையும் ஏசலாம். கோபித்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை.

இரண்டு மழைக்காலம் போனது. மழை விட்டதும் வேட்டை முகாம் முதலாளி வெர்னன் கடைக்கே வந்தார்.

“ஒபர்ட், சனிக்கிழமை சுடுதளத்துக்கு வாங்க. ரெண்டு துப்பாக்கியும் கொண்டுவர்றேன். உங்களுக்கு எது தோதோ அதை எடுத்துக்குங்க. நாலஞ்செட்டுன்னா பழையபடி புதர்க்காடு, யானை. மூணேழஞ்சுன்னா ஆத்தங்கரை வெட்டவெளிதான் தருவேன். ரெண்டும் முடியலேன்னா... என்னை மன்னிச்சிடணும்.”

“பழசுதான், ஐயா. அதுல என்ன சந்தேகம்?” என்றார் ஒபர்ட். அன்று பிடரியை அறைந்துகொள்ளவே இல்லை.

வீட்டில் மனைவி சருட்ஸாய் சுடுதண்ணீர்த் துணியால் தோளை ஒத்தினாள். தகடு இருந்த இடத்தில் விரல் பட்டதும் அவர் மூச்சை இழுத்தார்.

“ருஃபாரோ அப்பா, சின்னதை எடுத்தா என்ன குறைஞ்சுபோகும்?”

“சின்னதை எடுத்தா நான் யாரு, சொல்லு?”

அவள் துணியைப் பிழிந்தாள்.

சனிக்கிழமை காலை சுடுதளத்தில் மரங்களுக்கு அப்பால் காகிதத் தட்டு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். நாலஞ்செட்டின் கட்டையில் அவர் கன்னம் பட்டுப் பட்டுக் கறுத்த இடம் அப்படியே இருந்தது. அதை முகர்ந்தார். எண்ணெய், புகை, பழைய வியர்வை.

சுட்டார். ரவை தட்டுக்குக் கீழே மண்ணில் புழுதி கிளப்பியது.

“குறிமுள்ளு நகர்ந்திருக்கு. ரெண்டு வருஷமா யாரும் தொடலையே,” என்றார்.

“ஆமாமா, துப்பாக்கி மேலதான் தப்பு,” என்றான் கூட வந்திருந்த மங்விரோ. “வீட்டுல பொண்டாட்டி பேரே சருட்ஸாய், நம்ம பாஷையில ‘தேர்ந்தெடு’. உனக்கு ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கத் துப்பில்ல. குடு இங்க, நான் போட்டுத் தர்றேன்.” முதுகைக் காட்டித் தோட்டாவைப் போட்டு நீட்டினான்.

ஒபர்ட் கால்களை அகட்டி நின்றார். குறி பார்த்தார். விசையை அழுத்தினார்.

‘டிக்’ என்றது. வெடிக்கவில்லை. ஆனால் குழல் மட்டும், கோழி கொத்துவதுபோல், சடக்கென்று தரையைப் பார்த்துக் குனிந்தது. வராத உதைக்குத் தோள் பயந்துவிட்டது. கண்களும் இறுக மூடியிருந்தன. அவரே திறந்த பிறகுதான் அது அவருக்குத் தெரிந்தது.

மருந்தில்லாத தோட்டா. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் அங்கே கைகலப்பு நடந்திருக்கும். மங்விரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

“டேய், எருமைக்குலத்தானே! தடம் பார்க்கிறவன் எங்க நடப்பான்?”

ஒபர்ட் தோட்டாவை வெளியே தள்ளினார்.

“உன் குழலுக்கு முன்னாடி. என் முதுகு, உன் குழல். இவ்வளவு நாளா நான் திரும்பிப் பார்த்திருக்கேனா? இன்னிக்கு இதைத் தூக்கிட்டு நீ வந்தா, நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். அப்புறம் தடத்தை எவன்டா பார்க்கிறது?”

மரத்தடியில் வெர்னன் தன் பூட்ஸ் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

ஒபர்ட் கறுத்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு நாலஞ்செட்டை வெர்னனிடம் கொடுத்துவிட்டு மற்றதை எடுத்தார். கனமே இல்லை, யாரோ வீட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. சுட்டார். தட்டின் நடுவில் ஓட்டை விழுந்தது. மறுபடி சுட்டார். முதல் ஓட்டையின் காதருகே இன்னொன்று. மங்விரோ இதற்கும் ஒருமுறை மருந்தில்லாததைப் போட்டுத் தந்தான். ‘டிக்’. குழல் அசையவில்லை.

“வெட்டவெளிதான்,” என்றார் வெர்னன் மெதுவாக.

“தெரியும், ஐயா.”

மறுவாரம் மலைவிளிம்பிலிருந்து வண்டி வளைந்து வளைந்து இறங்கியது. கீழே வெயில் கனத்தது. சோதனைச் சாவடியில், மேலே போகிற வண்டிகளில் ஈ ஒட்டியிருக்கிறதா என்று ஒருவன் கைவலையோடு சுற்றி வந்தான். இறங்குகிறவர்களை யாரும் கேட்பதில்லை.

“வாங்க வாங்க, விருந்தாளி!” என்றான் பின்னால் உட்கார்ந்திருந்த மங்விரோ. “ஊரு பூரா சொல்லிட்டேன். இனிமே நீ மூணேழஞ்சு.”

“உன் வாயில மண்ணு விழ.”

“விழட்டும். முதுகுல ரவை விழாம இருந்தா சரி.”

சாலையின் இடப்புறம் அந்த முட்புதர்க்காடு தொடங்கியது. சாம்பல் நிறம், ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாத அடர்த்தி. வேறு யாரோ ஒருவர் இந்தப் பருவத்தில் நாலஞ்செட்டோடு அதற்குள் நுழைவார். ஒபர்ட் கழுத்தைத் திருப்பி, அது மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

பிடரியில் சுருக்கென்றது. கை தானாக உயர்ந்தது. இந்தமுறை நிஜமான ஈ. உயர்ந்த கையை அப்படியே மடியில் இறக்கிக்கொண்டு, அதைக் கடிக்க விட்டார்.