இடது பக்கம் கொஞ்சம் கம்மி

எனக்கு இடது காது மந்தமாகிக்கொண்டு வந்தது. அதற்கு நான் பார்த்த வைத்தியம், ஹெட்போன் ஆம்பில் ஐ.சி. மாற்றியது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், இப்போது நானும் சிரிக்கிறேன்.

பீளமேடு பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் கடைசிச் சோதனைப் பிரிவு என்னுடையது. ஓடுகிற மோட்டாரின் பேரிங் மேல் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் அழுத்திக் கேட்டு, இது போகலாம், இதைப் பிரிக்க வேண்டும் என்று சொல்வது என் வேலை. இருபது வருஷத்துக்கும் மேலாக இந்தக் காதுதான் சோறு போடுகிறது. அப்பா பஞ்சாலையில் இருந்தவர். என் இப்போதைய வயதில் அவருக்கு இரண்டு காதும் போய்விட்டது. எதிரில் நின்று என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அதனால் இடது காது குறைகிறதோ என்ற எண்ணம் எட்டிப் பார்த்ததுமே கதவைச் சாத்திவிட்டேன். என் காதில் கோளாறு இருக்கவே முடியாது. அப்படியானால் ஆம்பில்தான் இருக்க வேண்டும்.

ஆம்ப் என்றால் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கறுப்பு டப்பா. ஃபோனுக்கும் இயர்போனுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு சத்தத்துக்குக் கொஞ்சம் தெம்பு கொடுக்கும். நான்கு திருகாணியைக் கழற்றினால் உள்ளே ஒரு பேட்டரி, ஒரு பச்சைப் பலகை, பலகையின் நடுவில் எட்டுக் கால் வைத்த ஒரு சின்ன ஐ.சி. அதற்கு ஆப்-ஆம்ப் என்று பெயர். பாட்டைப் பெருக்குகிற வேலை முழுவதும் அதனுடையது. செய்தவர்கள் அதை ஈயத்தால் பற்ற வைக்காமல் ஒரு சாக்கெட்டில் செருகி வைத்திருந்தார்கள். பிடிக்காவிட்டால் பிடுங்கிவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாமாம். என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிட ஆபத்தான வசதியைச் செய்து கொடுக்கக் கூடாது.

நான் எப்போதும் கேட்டுப் பார்ப்பது ஒரு பழைய பாட்டு. அதில் இரண்டாவது இடையிசையில் இடது பக்கம் மட்டும் ஒரு கஞ்சிரா வரும். அதன் சலங்கைச் சத்தம் முன்பெல்லாம் காதுக்குள் சில்லென்று இறங்கும். இப்போது யாரோ அதன் மேல் துண்டைப் போட்டு மூடியது போல இருந்தது. அந்த ஐ.சி.க்குள் இரண்டு பாதிகள் உண்டு, ஒரு பாதி இடது காதுக்கு, மறு பாதி வலது காதுக்கு. இடது பாதி சோர்ந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

காந்திபுரத்தில் நான் வழக்கமாகப் போகும் எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் கேள்வியே கேட்காதவர். இடது பக்கம் கம்மியாக இருக்கிறது என்று சொன்னேன். "அப்படித்தானுங்க சார், போகப் போகக் கம்மியாயிருமுங்க. இந்த எட்டுக்காலைப் போட்டுப் பாருங்க, அப்பறம் நீங்களே சொல்லுவீங்க," என்று ஒரு டப்பியில் இரண்டு ஐ.சி. எடுத்துக் கொடுத்தார். உலகத்தில் இருக்கிற எல்லா எட்டுக்காலும் அவருக்கு நல்ல எட்டுக்கால்தான்.

முதலாவதைச் செருகும்போது ஒரு கால் மடங்கிக்கொண்டது. இடுக்கியால் நிமிர்த்தினேன், கையோடு வந்துவிட்டது. இரண்டாவதில் கால்களெல்லாம் ஒழுங்காக இறங்கின. ஸ்விட்சைப் போட்டதும் சத்தம் வரவில்லை, வாசனை வந்தது. தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டேன். ஐ.சி.யின் ஒரு ஓரத்தில் சின்னப் புள்ளி இருக்கும், அது எந்தப் பக்கம் வர வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. நான் தலைகீழாகச் செருகியிருந்தேன். கம்பெனியில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம், பம்பு எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று மேலே அம்புக்குறி போட்டிருக்கிறதே, கண் இல்லையா என்று கத்துகிறவன் நான். விரலை வாயில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது உயர்ந்த ரகம், வரவழைத்து வாங்கியது. புள்ளியை மூன்று முறை பார்த்துச் செருகினேன். குரல் முன்னால் வந்து நின்றது. வயலின்கள் தனித்தனியாகப் பிரிந்தன. பாடுகிறவர் மூச்சு எடுப்பது கேட்டது. இதையெல்லாம் நான் உண்மையிலேயே கேட்டேனா, வாங்கிய கடமைக்குக் கேட்டேனா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கஞ்சிரா மட்டும் துண்டுக்கு அடியிலேயே கிடந்தது.

அந்தச் சமயம் பார்த்து உடுமலைப்பேட்டையில் தேங்காய் வியாபாரம் செய்யும் மச்சினன், என் மனைவியின் தம்பி, வீட்டுக்கு வந்தான். நல்லதாயிற்று, இன்னொரு காது கிடைத்தது என்று அவனைச் சோபாவில் உட்கார வைத்து இயர்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு பாட்டு முழுவதும் கேட்டான்.

"எப்படி, இடது பக்கம் கொஞ்சம் கம்மியா இல்ல?" என்றேன்.

"ஆமாங்க மச்சா. எடது பக்கம் ஒரு சொட்டுக் கம்மியாத்தானுங்க இருக்குது."

எனக்கு உயிர் வந்தது. அவன் இயர்போனைக் கழற்றும்போதுதான் கவனித்தேன், இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாட்டியிருந்தான். அப்படி மாட்டிக்கொண்டும் அவனுக்கு இடது பக்கம்தான் கம்மி. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மனிதனிடமிருந்து நேரான அபிப்பிராயத்தை வாங்குவது லேசான காரியமில்லை. மாமன் மச்சான் வீட்டில் மோரில் உப்பு இல்லை என்றால்கூட, உப்பு அளவாக இருக்குதுங்க என்றுதான் சொல்வோம். அன்றைக்கு எனக்கு அந்த மரியாதை தேவைப்பட்டது. பார்த்ததைப் பார்க்காதது போல் விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒரு வேலை செய்தேன். ஒரே ஐ.சி.க்குப் பதில், இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று இரண்டு தனி ஐ.சி.க்களைத் தாங்கும் குட்டிப் பலகை ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். கேட்டேன். இடது கம்மி. இரண்டையும் இடம் மாற்றிச் செருகினேன். இப்போது வலது பக்கம் கம்மியாக வேண்டும். இடது பக்கமேதான் கம்மி. ஆம்ப் நிரபராதி என்று தெரிந்து ஒரு மனிதன் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டான்.

என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். விடைத்தாள் கட்டைத் திருத்திக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இயர்போன்ல இருந்து அந்த ரெண்டு ஒயரையும் கழட்டி மாத்திப் போட்டுக் கேட்டா தெரிஞ்சுபோயிருமில்லீங்களா?" என்றாள்.

இடது செருப்பை வலது காலில் போடுவாயா, ஒவ்வொரு இயர்போனும் அந்தந்தக் காதுக்கென்றே வளைத்துச் செய்தது என்று எரிந்து விழுந்தேன். காலையில்கூட ஸ்க்ரூடிரைவரை இடது பக்கம் வைத்துத்தானே பேரிங் கேட்டேன், கணீரென்று கேட்டதே, காதில் என்ன கோளாறு இருக்க முடியும் என்றும் கேட்டேன். அவள் அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டாள்.

ஒயரை மாற்றிப் பார்க்க எனக்குத் தெரியாமல் இல்லை. ஐ.டி.ஐ.யில் முதல் மாதம் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. பயமாக இருந்தது, அவ்வளவுதான். மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு என்ன செய்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் சமையலறையில் இருந்த நேரம் பார்த்து மாற்றினேன். கஞ்சிரா இப்போது வலது காதில் வந்தது, சில்லென்று, ஒவ்வொரு சலங்கையும் தனித்தனியாக. இடது காதில் பாட்டு எங்கோ பக்கத்து வீட்டில் ஓடியது. குக்கர் விசில் எத்தனை வந்தது என்று எண்ணச் சொல்லியிருந்தாள், எண்ணவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டுவது கண் முன்னால் வந்தது. அவள் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள், ஒயரைப் பார்த்தாள். "வெசனப்படாதீங்க. நாளைக்குச் சாயங்காலம் டாக்டர்கிட்டப் போலாமுங்க," என்று மட்டும் சொன்னாள்.

சாயிபாபா காலனியில் காது டாக்டரம்மா ஒருவர். கவை போன்ற ஒரு இரும்பைத் தட்டிக் காதுக்கு முன்னால் பிடித்தார், சுமாராகக் கேட்டது. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார், கணீரென்றது. நெற்றி நடுவில் வைத்தபோது சத்தம் நேராக இடது பக்கம் போய் நின்றுகொண்டது. ஸ்க்ரூடிரைவர் கதையைச் சொன்னேன்.

"அது எலும்பு வழியாப் போற சத்தமுங்க சார். நரம்பு நல்லா இருக்குது, வழியிலதான் அடைப்பு," என்று காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தவர், "தெனமும் இயர்போன் போடுவீங்களா?" என்றார்.

போடுவேன் என்றேன்.

"நீங்களே குறும்பியத் தள்ளித் தள்ளி உள்ள அடைச்சு வெச்சிருக்கறீங்க."

அது வெளியே வந்தபோது காப்பிக்கொட்டை அளவு இருந்தது. அடுத்த நொடி, தலைக்கு மேல் மின்விசிறி ஒன்று ஓடுவது தெரிந்தது. அதுவரை அந்த அறையில் மின்விசிறி இருந்ததே எனக்குத் தெரியாது. நர்ஸின் செருப்பு, தட்டில் விழுந்த இடுக்கி, டாக்டரம்மாவின் வளையல் எல்லாம் இடது பக்கமாக வந்து சேர்ந்தன. கண் கலங்கிவிட்டது. வலித்துவிட்டதோ என்று நர்ஸ் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

சௌரிபாளையத்துக்கு வண்டியில் திரும்பினோம். அவள் எப்போதும் போல ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்கார்ந்தால் அவள் வாய் என் இடது காதோரம் வரும். குறுக்கே வந்த ஆட்டோவுக்காகச் சட்டென்று பிரேக் போட்டேன். "வண்டிய ஒழுங்கா ஓட்டத் தெரியாது, டப்பாவப் பிரிச்சுப் பிரிச்சுப் போட மட்டும் தெரியும்," என்று பின்னால் முணுமுணுப்பு கேட்டது, ஹெல்மெட்டையும் தாண்டி.

"எந்த டப்பா?" என்றேன்.

"கேட்டுதுங்களா?" என்றாள்.

"நல்லாவே கேட்டுது."

"அப்ப இத்தன நாளா வண்டீல நான் பேசுனது எதுவும் கேக்கலீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். காற்று, ஹெல்மெட், பின்னால் ஒரு ஓசை. அவள் ஏதோ சொல்கிறாள் என்று தெரியும். எதைச் சொன்னாலும் 'ம்' என்பேன்.

"என்னென்ன சொன்னே?"

"திட்டுனதெல்லாம் உடுங்க. எவ்வளவு திட்டுனாலும் நீங்க ம்முன்னீங்க. மனுசன் எப்புடிப் பொறுமையாயிட்டாருன்னு எங்கக்காகிட்டக்கூடச் சொன்னேனுங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் மனசுலயே நின்னுபோச்சுங்க," என்றாள். "பொங்கல் லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறந்த அன்னிக்குக் கரெஸ்பாண்டென்ட் கூப்புட்டாங்க. வர்ற வருசம் நீங்கதான் ஹெட்மிஸ்ட்ரஸ்ன்னாங்க. பத்தொம்பது வருசமா அங்கதானுங்க இருக்கறேன். மொதல்ல உங்ககிட்டத்தான் சொல்லோணும்னு ஒருத்தருகிட்டயும் மூச்சு உடாம வந்து, வண்டீல ஏறுனதும் சொன்னேன். நீங்க ம்முன்னீங்க. அப்பறம் பால் வாங்கோணுமான்னு கேட்டீங்க."

ஒரு பேக்கரி முன்னால் வண்டியை ஓரம் கட்டினேன். பொங்கல் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த இரண்டு மாதமும் நான் ஒரு கஞ்சிராவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"நீ என்ன பதில் சொன்னே?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிப்போட்டேன். உங்களுக்குப் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு நெனச்சேனுங்க. இந்த வாரம் முடிவாச் சொல்லோணும்."

ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவள் இறங்கி, என் இடது காதை இன்னும் நம்பாமல் வலது பக்கமாக வந்து நின்றாள். கையைப் பிடித்து இடது பக்கத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

"மொதல்லருந்து சொல்லு அம்மணி."

சொன்னாள். கரெஸ்பாண்டென்ட் கூப்பிட்டது, உட்காரச் சொன்னது, கொடுத்த டீயைக் குடிக்க மறந்துவிட்டு வந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். டீயைப் பற்றி முன்பு சொன்னாளா என்று கேட்டேன், சொன்னதாகச் சொன்னாள்.

"நாளைக்குக் காலைல போனதும் சரின்னு சொல்லிப்போடு," என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ம்," என்றாள்.